மாணவர்கள் பக்கம் கை நீட்டிய ஸ்டாண்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஜொகூர் பாருவுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில், செமஸ்டர் முடிய நான்கு நாட்கள் இருந்தபோது நடந்தது இது. அங்கே நான் பொறியியல் மாணவர்களுக்கு வரைபடம் சொல்லித்தருகிறேன். வரைபடம் என்றால் பூவும் மலையும் இல்லை. நட்டு, போல்ட்டு, இரும்புத் தட்டு, அதில் எத்தனை மில்லிமீட்டரில் எத்தனை ஓட்டை என்கிற சமாசாரம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கோடு கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நேராக்குவேன். என்மேல் கோபம் உள்ள நாட்களில் என் மனைவி வேண்டுமென்றே அதைச் சாய்த்து வைப்பாள்.

மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘தோலாக் டுவா’. மலாயில் ‘இரண்டைக் கழி’ என்று அர்த்தம். அம்புக்குறி தடித்திருந்தால் இரண்டு புள்ளி கழிப்பேன். அளவு எண் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தால் இரண்டு. தாளின் மூலையில் போட வேண்டிய சின்னத்தைப் போட மறந்தால் பேச்சே இல்லை, இரண்டு. இந்தப் பட்டப்பெயர் முதல்முறை காதில் விழுந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கல்லூரியின் கணினிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வந்த காலம் அது. கணினிக்காகக் காத்திருந்தால் பாடம் முடியாது. ஆனால் மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. அதிலேயே வரைந்தால் என்ன என்று தேடி ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். விரலால் ஒரு கட்டையை உருவாக்கலாம், ஓட்டை போடலாம், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். கேமராவைத் திறந்தால் அந்தக் கட்டை நிஜமாகவே மேசைமேல் உட்கார்ந்திருப்பது போலக் காட்டும். கடைசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் அதை வரைபடத்தாளாகவும் மாற்றித் தரும். முப்பத்து நான்கு பேர் தலையைக் குனிந்து கைப்பேசியை நோண்ட, நான் யாரையும் திட்டாமல் நடுவில் உலாத்துவேன். வாசலில் எட்டிப் பார்க்கும் மற்ற ஆசிரியர்களுக்கு வயிறு எரியும்.

ஒரு சிக்கல் இருந்தது. என் விரல் திரையில் எங்கே போகிறது என்று வகுப்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேலே இன்னொரு கைப்பேசியை நிறுத்தி, என் கையைப் படமெடுத்து டிவியில் காட்ட வேண்டும். அந்தக் கைப்பேசியைத் தாங்கும் ஸ்டாண்டாக நான் பயன்படுத்தியது மூன்று புத்தகங்களும் ஒரு மைலோ டின்னும் கொஞ்சம் டேப்பும்தான். ஒரு நாள் அது சரிந்து, கைப்பேசி என் தே தாரிக் தேநீரில் குளித்தது. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அந்த செமஸ்டரில் எல்லாரும் ஒரே நேரத்தில் கவனித்த ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் துறைத் தலைவர் ஒரு மலாய்ப் பெண்மணி, சிரித்துக்கொண்டே வேலை வாங்குவதில் கெட்டிக்காரர். புதன்கிழமை வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது, கைப்பேசி வைத்து நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார்கள், அந்த மைலோ டின் மட்டும் கண்ணில் படக்கூடாது என்றார்.

இரும்பில் ஒரு ஸ்டாண்டு செய்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். உலு திராமில் என் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தோசைக் கடையில் உட்கார்ந்து, மனைவி எதிர்க் கடையில் காய்கறி வாங்கி முடிப்பதற்குள் கைப்பேசியிலேயே வரைந்து முடித்தேன். மேசையின் இடது முனையைக் கவ்விப் பிடிக்க ஒரு கவ்வி, அதிலிருந்து ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியிலிருந்து நான் உட்காரும் பக்கமாக நீளும் ஒரு கை, கையின் நுனியில் கைப்பேசி உட்கார ஒரு தட்டு. பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. அதே ஊரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஒரு சீன முதலாளிக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கேக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: நானே வரைந்தது, அரை மணி நேரத்தில் முடித்தேன். தேவையே இல்லாத வரி. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் தோசை செரித்திருக்காது. இரண்டு கையிலும் பையோடு வந்த மனைவியிடம் திரையைக் காட்டினேன். “நல்லா இருக்கு, இத பிடிங்க” என்று ஒரு பையைக் கொடுத்தாள்.

இங்கே ஒரு சின்னப் பாடம் நடத்தியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலேயிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று படங்களாகத் தாளில் போடுவோம். எந்தப் படத்தை எங்கே வைப்பது என்பதில் உலகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி மேலேயிருந்து பார்த்த படத்தை மேலே வைக்கும். இன்னொரு கட்சி அதைக் கீழே வைக்கும். எங்கள் பாடத்திட்டம் இரண்டாவது கட்சி. வரைந்தவர் எந்தக் கட்சி என்று சொல்லத்தான் தாளின் மூலையில் ஒரு சின்னம் போடுவோம். காகிதக் கோப்பையைப் படுக்கப் போட்டது போல ஒரு வடிவம், பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம், அவ்வளவுதான். அதைப் போடாவிட்டால் படிக்கிறவர் தன் கட்சி வழக்கப்படி படித்துக்கொள்வார். பொருள் முன்பின் மாறி, கண்ணாடியில் தெரிவது போல வந்து நிற்கும்.

திங்கட்கிழமை பயிற்சிப் புள்ளிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் ஒரு மாணவி என் மேசை முன்னால் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். நடுவில் டிங்கி காய்ச்சலில் இரண்டு வாரம் வராமல் போனவள், அதனால் முந்தைய பயிற்சிகளில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தது. மொத்தம் முப்பத்தொன்பது. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். கடைசி வரைபடம் அருமையாக இருந்தது, சின்னம் மட்டும் இல்லை. இரண்டு கழித்திருந்தேன்.

அந்த இரண்டில் அவளுக்குப் போவது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் அடுத்த மாதம் தொழிற்பயிற்சி தொடங்க அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு இடமே கிடைக்காத தொழிற்சாலை அது. வரைபடப் பாடத்தில் தேறாதவர்கள் போக முடியாது. திரும்பப் படிக்கலாம் என்றால் அந்தப் பாடம் அடுத்த வருடம்தான் வரும்.

“சார், மத்ததெல்லாம் கரெக்டா இருக்கு சார். சிம்பல் இல்லாட்டியும் டிராயிங்க பாத்தாலே புரிஞ்சிடும்லா” என்றாள்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். இந்த மாதிரிச் சந்தர்ப்பம் வந்தால் விடுகிற ஆள் நான் இல்லை.

“பாத்தாலே புரியும்னு நீ நெனைக்கிற. பட்டறையில இருக்கறவன் உன் மூளைக்குள்ளயா உக்காந்திருக்கான்? தாள்ல இருக்கறததான் அவன் பாப்பான். இங்க ரெண்டு மார்க், அங்க ஒரு வண்டி இரும்பு வீணாப் போகும்.”

 தொழிற்பயிற்சியை ரத்து செய்கிற விண்ணப்பப் பாரத்தை எங்கே வாங்க வேண்டும் என்று அவள் கேட்டாள். மூன்றாவது கவுண்டர் என்று சொல்லிக்கொடுத்தேன். வரிசை குறைவாக இருக்கும் நேரம் எது என்றுகூடச் சொன்னேன். என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாண்டு வந்தது. பெயிண்ட் அடித்து, முனைகளைத் தேய்த்து, அழகாகத்தான் செய்திருந்தார்கள். மேசையின் இடது முனையில் மாட்டினேன். என் பக்கம் நீள வேண்டிய கை மாணவர்கள் பக்கம் நீண்டிருந்தது, முதல் வரிசைப் பையனிடம் பேனா இரவல் கேட்பது போல. திருப்பி மாட்டிப் பார்த்தேன். கை என் பக்கம் வந்தது, ஆனால் கவ்வி வெளியே பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. படுக்கப் போட்டுப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். மேசையின் வலது முனையில் மாட்டினால் மட்டும்தான் சரியாக வரும். அந்த முனையோ, வாசல் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தவுக்கேயைக் கூப்பிட்டேன். அவர் மலாய் பேசினால் வெல்டிங் பொறி பறப்பது போல இருக்கும். என் மலாயோ பாடப்புத்தக மலாய். அவர் ‘பெத்துல் லா, சிக்கு’ என்று மூன்று முறை சொன்னது மட்டும் புரிந்தது. ‘சரியாகத்தான் இருக்கிறது, வாத்தியாரே’ என்று அர்த்தம். நேரில் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். சண்டை போடவும் மொழி வேண்டுமே, அவருடைய சீன மொழியான மண்டரின் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று தேடினேன்.

எங்கள் வகுப்பில் சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் மூன்றாவது கவுண்டர் முன்னால் பாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். “ஒரு அரை மணி நேரம் வர்றியாம்மா, பட்டறைக்காரர்ட்ட கொஞ்சம் பேசணும்” என்றேன். கூச்சமே இல்லாமல் கேட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவள் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஸ்டாண்டைப் பின்சீட்டில் படுக்க வைத்தால் கை முன்னால் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாலைத் திருப்பத்திலும் அது என் காதைத் தட்டியது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

தவுக்கேக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். நான் ஸ்டாண்டை அவர் மேசைமேல் வைத்து, விளக்கத் தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் மண்டரினில் சொல்லிக்கொண்டே வந்தாள். வகுப்பில் வாய் திறக்காதவள், அங்கே தடங்கல் இல்லாமல் பேசினாள். எந்தப் படத்தை எங்கே வைப்பது, இரண்டு கட்சிகள் என்ன, எங்கள் பாடத்திட்டம் எந்தக் கட்சி, எல்லாவற்றையும் நடத்தி முடித்தேன். பட்டறைத் தொழிலாளிகள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வகுப்பில்கூட எனக்கு அப்படி ஒரு கவனம் கிடைத்ததில்லை.

தவுக்கே பொறுமையாகக் கேட்டார். பிறகு அச்செடுத்து வைத்திருந்த என் வரைபடத்தை மேசையில் விரித்து, தாளின் மூலையில் விரலை வைத்து இரண்டு முறை தட்டினார். ஏதோ சொன்னார். அந்தப் பெண் மூலையைப் பார்த்தாள். 

“என்னம்மா சொல்றாரு?”

“சிம்பல் எங்கனு கேக்குறாரு சார்.”

நான் குனிந்து பார்த்தேன். மூலை வெள்ளை வெளேரென்று இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன். அந்தச் செயலி தானாகச் சின்னத்தைப் போடாது, அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தோசைக் கடையில் தட்ட மறந்திருந்தேன். தவுக்கே இருபது வருடமாக ஜப்பான் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கிறவர், அவர் வேறு கட்சி. தன் வழக்கப்படி படித்து, தாளில் இருந்ததை ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் செய்திருந்தார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். என் நாக்கு என்னைவிட வேகமாக இருந்தது.

“சிம்பல் இல்லாட்டி என்ன? டிராயிங்க பாத்தாலே புரியுமேனு சொல்லு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சிரிப்போ ஒரு முறைப்போ இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். ஒன்றும் இல்லை. திரும்பி, நான் சொன்னதை அப்படியே மண்டரினில் சொன்னாள்.

தவுக்கே பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. தொழிலாளிகளில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் காத்திருந்தேன்.

“சார், அப்படியேவா சொல்லணும்?” என்றாள்.

“அப்படியே சொல்லு.”

“இத வரைஞ்சது யாருனு கேக்குறாரு. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாருனு கேக்குறாரு. அந்த வாத்தியார கூட்டிட்டு வரச் சொல்றாரு, அவர்ட்ட நாலு வார்த்த பேசணுமாம். மிச்சம் வேணாம் சார்.”

 அவள் எதற்கும் காத்திராமல் தவுக்கே பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சிறிதாக ஏதோ சொன்னாள். தவுக்கேயின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு பெட்டி செவ்வந்தித் தேநீர் எடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, முதல்முறையாக நிதானமான மலாயில் அவளிடம் பேசினார். ‘தங்கச்சி, அடுத்த தடவை சிம்பல் போட மறக்காதே. உன் வாத்தியார் நல்ல மனுஷன். நீ செய்த தப்புக்கு அவரே நேரில் வந்திருக்கிறார்.’

அவள் தலையை ஆட்டினாள். நான் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இல்லை, நான்தான் வரைந்தேன் என்று சொல்ல மலாயில் மூன்றே வார்த்தை போதும். அந்த மூன்று வார்த்தை என் வாயில் வரவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் நிமிடங்களை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் நிற்கும்.

கார் பெரிய சாலைக்கு வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“அவரு ரொம்ப மோசமா திட்டினாரு சார். நீங்க தாங்க மாட்டீங்க. ஸ்டூடன்ட் போட்ட டிராயிங்னா கொஞ்சமா திட்டிட்டு விட்டுருவாருனு நெனச்சேன்.” தேநீர்ப் பெட்டியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். “எனக்கு எப்படியும் அதுக்கு மார்க் வெட்டியாச்சு. இன்னொரு தடவ திட்டு வாங்கினா என்ன சார்.”

அதில் குத்தல் இருந்ததா என்று நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, எது சிக்கனம் என்று முடிவு செய்தவளைப் போலத்தான் சொன்னாள்.  பச்சை விளக்கு விழுந்து, பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். அடுத்த திருப்பத்தில் வளைத்துப் பட்டறைக்கே திரும்பினேன். ஸ்டாண்டு என் காதில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. அதற்கும் விஷயம் தெரியும்போல.

தவுக்கே அதே இடத்தில் நின்றிருந்தார். நான் நேரே போய், “சாயா யாங் லூகிஸ்” என்றேன். நான்தான் வரைந்தேன். இந்தப் பெண் எனக்காகப் பொய் சொன்னாள், சின்னம் போட மறந்த அந்த வாத்தியார் நான்தான், பேச வேண்டியதைப் பேசுங்கள் என்று என் பாடப்புத்தக மலாயில் சொல்லி முடித்தேன்.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, வாட்ஸ்அப்பைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நானே வரைந்தது, அரை மணி நேரத்தில் முடித்தேன்.

அவருக்கு முதலிலிருந்தே தெரியும். பிறகு ஏன் அவளிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் மண்டரினில் சொன்னதை அந்தப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல், தமிழில் சொன்னாள். “நீங்க எவ்ளோ தூரம் போயிட்டு திரும்பி வருவீங்கனு பாத்தாராம் சார். இவ்ளோ சீக்கிரம் வருவீங்கனு நெனைக்கலையாம்.”

அதற்குப் பிறகு, விட்டுவைத்திருந்த மிச்சத்தையும் திட்டித் தீர்த்தார். அவள் மொழிபெயர்க்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். குரலே போதுமானதாக இருந்தது.

புது ஸ்டாண்டு செய்ய நேரமில்லை. மறுநாள் காலை குழு வந்துவிடும். அந்தப் பெண்தான் கல்லூரிக்கு வந்ததும் தன் கைப்பேசியில் ஸ்டாண்டின் படத்தைத் திருப்பிப் போட்டு, கேமரா வழியாக வகுப்பறையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து வைத்துப் பார்த்தாள். ஸ்டாண்டை மாற்ற முடியாது, ஆனால் மேசையை எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் கொண்டுபோனால் வலது முனை காலியாகிவிடும் என்றாள். மேசை போனால் டிவியும் போக வேண்டும். டிவி போனால் மாணவர்களின் நாற்காலிகள் திரும்ப வேண்டும். அன்று பிற்பகல் எட்டு மாணவர்கள் சேர்ந்து அந்த வகுப்பறையையே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றி வைத்தார்கள். புதன்கிழமை வந்த குழுவில் ஒருவர், ஜன்னல் வெளிச்சம் கையில் நன்றாக விழும்படி மேசையைப் போட்டிருப்பது நல்ல யோசனை என்று பாராட்டினார். துறைத் தலைவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் ஸ்டாண்டின் கம்பத்தில் இடித்துக்கொண்ட முழங்கையைத் தடவிக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஆனால் அந்த இரண்டு புள்ளி அப்படியே இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு யாரும் அதைத் தொட முடியாது. நன்றிக்குப் புள்ளி போடுகிறவன் இல்லை நான். சின்னம் முக்கியம்தான் என்பதற்கு என் மேசைமேல் இரும்பிலேயே சாட்சி நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் அந்த செமஸ்டரின் பாடக் குறிப்புகளை முதலிலிருந்து புரட்டினேன். சின்னத்துக்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பிலும் இல்லை. ஒரு வகுப்பில், ஒரே ஒரு முறை, வாயால் சொல்லியிருக்கிறேன். எந்த வகுப்பு என்று வருகைப் பதிவைத் திறந்து பார்த்தேன். வகுப்பில் அன்று வராதவள் ஒருத்திதான். டிங்கியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

துறைத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தோசைக் கடையிலிருந்து. அந்த இரண்டு புள்ளியைத் திருப்பித் தர அனுமதியும் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் உங்களுக்கு உதவி செய்ததால்தானே இதைக் கேட்கிறீர்கள் என்றார். ஆமாம், அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் நான் இந்தக் குறிப்புகளைப் புரட்டியே இருக்க மாட்டேன் என்றேன். ஆனால் புரட்டியபோது கிடைத்தது என்னுடைய தப்பு, அது அவள் உதவினாலும் உதவாவிட்டாலும் அங்கேதான் இருந்தது என்றேன். அவர் வருகைப் பதிவைத் தானே ஒரு முறை பார்த்துவிட்டு, புள்ளி திருத்தும் பாரம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். காரணம் என்ற கட்டத்தில் ‘ஆசிரியரின் தவறு’ என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த இரண்டு வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல் முறை.

வியாழக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரத்து பாரத்துக்குக் கவுண்டரில் இரண்டு நகல் கேட்டதால் அவள் அதை இன்னும் கொடுத்திருக்கவில்லை. “நாப்பத்தொண்ணா சார்?” என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். உனக்குச் சொல்லிக்கொடுக்காததற்கு உன்னிடம் கழித்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டாண்டைப் பார்த்தாள். அடுத்த மாதம் பாசிர் கூடாங் போனாள், பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான் இன்னும் கறாரான ஆள்தான். சின்னம் போடாதவர்களுக்கு இன்றும் கழிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டறையில் ஐந்து நிமிடம், என் தப்பும் என் மானமும் ஒரு மாணவியின் கையில் இருந்தன. என்னைக் கழித்துவிட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது, அவள் கழிக்கவில்லை. அதை நினைக்காமல் ஒருவருடைய தாளில் சிவப்புப் பேனாவை வைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.